சாளரமும் அறையும்

காமிரா என்ற சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அறை என்பது பொருள். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளை இட்டால், வெளியே நிற்கும் மரமும் கோபுரமும் எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அராபிய அறிஞர் இப்னு அல் ஹைதம் இதனை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த இருட்டறைதான் நாளடைவில் சுருங்கிச் சுருங்கிக் கையில் அடங்கும் பெட்டியாயிற்று. பழைய பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. இருண்ட அறையும் அதில் ஒளி புகும் வழியும் சேர்ந்ததே காமிரா என்றால், வெளிச்சமான ஜன்னலை உடைய ஓர் அறையைப் படம் பிடிப்பது அதற்கு மிக எளிய வேலையாக இருக்க வேண்டும் அன்றோ? உண்மை நேர்மாறானது. காமிராவுக்கு அன்று முதல் இன்று வரை அடங்காத பொருள் அதுவே. ஜன்னலுக்கு வெளியே உள்ள தென்னை தெரிந்தால் அறைக்குள் இருப்பவர் கரிய நிழலாகிவிடுகிறார்; அறைக்குள் இருப்பவர் முகம் தெரிந்தால் ஜன்னல் வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் வெளுத்துப் போகிறது. இரண்டையும் ஒரே படத்தில் கொணர மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். காதால் மட்டும் கேட்கும் வானொலியில் கண்ணைப் பற்றிய பேச்சா என்று நேயர்கள் நகைக்கலாம். பொறுமையுடன் கேட்பின் தொடர்பு விளங்கும்.

முதலில் நம் நாட்டுச் சாளரத்தைப் பற்றி ஒரு சொல். பழந்தமிழர் இதனைக் காலதர் என்றனர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்று பெயரிட்டார்களே ஒழிய, ஒளி வரும் வழி என்று பெயரிடவில்லை. நாம் இன்று நாள்தோறும் வழங்கும் ஜன்னல் என்னும் சொல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. வெப்பம் மிகுந்த இந்நாட்டில் வெயிலை வெளியே நிறுத்துவதே வீடு கட்டுவோரின் முதற்கவலையாக இருந்தது. முற்றத்தில் மட்டும் ஒளி விழும். சுற்றுக்கட்டும் அடுக்களையும் நிழலில் இருக்கும். ஆகவே இங்கே உள்ளே இருள் அதிகம். வெளியே வெயிலும் அதிகம். மேகம் மூடிய நாடுகளில் பிறந்த காமிரா நம் நாட்டு அறைகளுக்குள் வந்து திணறியதில் வியப்பில்லை.

இதில் எனக்கு அக்கறை ஏற்பட்ட காரணத்தையும் கூறிவிடுகிறேன். நான் வாழும் வீரபாண்டி, திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள ஊர். இங்கே தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி; ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களின் ஓசை காதில் விழாத நாள் இல்லை. ஓய்வு பெற்றபின், இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றைத் தொகுக்கும் எண்ணத்துடன் மாணவர்களை வீடு வீடாக அனுப்பிப் பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்து வருகிறேன். 1920களில் திருப்பூரில் தொடங்கிய பின்னல் தொழில் நூறு ஆண்டுகளை ஒட்டிய வரலாறு உடையது. அதற்கேற்பப் படங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் எத்தகைய படங்கள்? ஆயுத பூசையன்று வாசலில் நாற்காலி போட்டு முதலாளியை நடுவில் அமர்த்தி எடுத்தவை. திறப்பு விழாவன்று பந்தலில் எடுத்தவை. புதிய இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கும்போது எடுத்தவை. எல்லாம் வெயிலில் எடுத்தவை. கூரைக்குக் கீழே, பகல் முழுவதும், ஜன்னலை ஒட்டிய மேசையில் கைமடித்தும் பிசிறு வெட்டியும் பொருள் ஈட்டிய பெண்கள் எங்கே? உள்ளே எடுத்த சில படங்களில் விளக்கொளி பட்ட இயந்திரம் பளபளக்கிறது. அதன் பின்னே ஜன்னல் ஓர் வெண்சதுரம். அதற்கு முன் ஒரு கரிய தலை. அந்தத் தலை யாருடையது என்று அவர் பேத்தியாலும் சொல்ல முடியவில்லை.

வரலாற்றில் ஏழைகள் இடம்பெறாததற்குப் பல காரணங்களை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். வெளிச்சமும் ஒரு காரணம் என்பதை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

கண்ணால் காணும்போது இத்தொல்லை ஏன் இல்லை? நடுப்பகல் வெயிலில் தரையின்மேல் விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் அளவினது. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒளியே ஒரு லக்ஸ் எனக் கொள்க. தையல் மேசையின்மேல் குழல்விளக்குத் தருவது சில நூறு லக்ஸ். மேசைக்கு அடியிலோ, துணிக்கட்டு அடுக்கிய மூலையிலோ அதனினும் மிகக் குறைவு. நம் கண்ணின் பாவை வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி, இருளில் 7, 8 மில்லிமீட்டர் வரை விரியக் கூடியது. பரப்பைக் கணக்கிட்டால் பதினாறு மடங்கு வேறுபாடுதான். எஞ்சிய வேலையை விழித்திரையும் மூளையும் பார்த்துக்கொள்கின்றன. மேலும் நாம் ஓர் அறையை ஒரே நொடியில் பார்ப்பதில்லை. கண் ஜன்னலுக்குப் போகிறது, அங்கே பழகிக்கொள்கிறது, பின்னர் மூலைக்கு வருகிறது, அங்கேயும் பழகிக்கொள்கிறது. இப்படித் தனித்தனியே கண்டவற்றை எல்லாம் மனம் ஒன்றாகக் கோத்து, ‘இதுதான் அறை’ என்று நமக்குக் காட்டுகிறது. பல பார்வைகளைச் சேர்த்து ஒரு காட்சி ஆக்கும் வித்தையைக் கண் பிறந்தநாள் முதல் செய்துவருகிறது. காமிராவுக்கு அதனைக் கற்பிக்க நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் என்பார் 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லேகாக் அபே என்னும் தம் இல்லத்தில் ஒரு சிறு பெட்டியைச் சாளரத்திற்கு எதிரே வைத்தார். உள்ளே வெள்ளி உப்புப் பூசிய காகிதம். அதில் சாளரத்தின் சிறு சிறு கண்ணாடிகள் தெளிவாகப் பதிந்தன. அவை சுமார் 200 என்றும், உருப்பெருக்கி கொண்டு அவற்றை எண்ணலாம் என்றும் அவர் குறித்தார். இன்று நிலைத்திருக்கும் புகைப்பட எதிர்ப்படிகளுள் மிகப் பழையது அது. ஆனால் அறை? அறை அதில் இல்லை. சட்டங்களைச் சுற்றி ஒரே இருட்டு. எதிர்ப்படி முறையின் முதற்படமே ஜன்னல் கிடைத்து அறை தவறிய படம் என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலத்து இரசாயனப் பூச்சுகளுக்கு நீலநிறத்தின்மீதே பற்று அதிகம். ஆதலால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகத் தெரியும். கடலும் வானமும் சேர்ந்த காட்சிகளில் இக்குறை பெரிதாயிற்று. பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களின் இடையில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஓர் எதிர்ப்படி, வானத்துக்கு ஓர் எதிர்ப்படி என இரண்டு எடுத்து, கடலும் வானும் தொடும் கோட்டில் இரண்டையும் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் செத் துறைமுகத்தில் அவர் எடுத்த பேரலைப் படம் அவ்வாறு உண்டானதே. மேகம் அந்தக் கடலுக்கு உரியதா, வேறு நாளைக்கு உரியதா என்று பார்ப்பவர் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும். அதற்குப் பின்னர் வருவேன்.

அதே ஆண்டு முடிவில் நம் தமிழ்நாட்டில் ஒருவர் மாட்டு வண்டிகளில் காமிராவையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். லின்னேயஸ் டிரைப் என்னும் அந்தப் படைத்தலைவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்தவர். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துத் திரும்பியவர். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை அவர் 1858-இல் படம் பிடித்தார். மெழுகேற்றிய காகிதமே அவருடைய எதிர்ப்படி. ஏறத்தாழ 12 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் உடையது. ஒளி பதிய நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அவர் படங்களில் மனித நடமாட்டம் அரிது.

மாணவர்கள் டிரைப்பின் மதுரைப் படங்களை வாய்ப்புக் கிடைக்கும்போது உற்று நோக்க வேண்டும். புதுமண்டபத்தின் உள்நடையை அவர் எடுத்திருக்கிறார். அதன் பக்கத் தாழ்வாரத்தையும் எடுத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய அம்மண்டபத்தில், தூண்களுக்கு இடையே வெயில் பாய்கிறது. தூண்களின் முகமோ நிழலில் நிற்கிறது. இது நம் ஜன்னல் சிக்கலே. கல்லால் ஆன பெரிய ஜன்னல்கள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். வெயில் சாயும் நேரத்தைத் தேர்ந்து, நிழல் தாழ்வாரத்தின் தரையில் பட்டை பட்டையாக விழும்படி அவர் காத்திருந்து எடுத்திருக்கிறார். வெளியொளியை அடக்க இயலாதபோது, அது தணியும் நேரத்துக்குக் காத்திருப்பதும் ஒரு முறைதான். அதனினும் மலிவான முறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

வானத்தின் விஷயத்தில் டிரைப் காத்திருக்கவில்லை. வெறும் வெள்ளையாய் நின்ற வானம் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை போலும். எதிர்ப்படியின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, அச்சில் மேகங்கள் தோன்றும்படி செய்தார். சில இடங்களில் மரத்தின் இலைகளையும் இவ்வாறே திருத்தினார். அவருடைய படங்கள் பலவற்றில் நாம் காணும் அழகிய மேகம் எந்த நாளும் அந்த வானத்தில் திரிந்ததன்று.

திருமலை நாயக்கர் மகாலின் படங்களை எண்ணிப் பாருங்கள். நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த 1866-க்கும் 1872-க்கும் இடையில் அந்த மகால் பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முந்திய நிலையை, இடிந்த சுவரும் சிதைந்த வளைவுமாக, டிரைப்பின் படங்களில்தான் தெளிவாகக் காண்கிறோம். கட்டடக்கலை ஆராய்வோர்க்கு அவை விலைமதிப்பற்ற சான்று. வானிலை ஆராய்வோர் அவற்றை நம்பினால் கெட்டார்கள். ஒரே காகிதத்தில் ஒரு பாதி சான்று, மறுபாதி கற்பனை. எது எது என்று அறிந்தவனே வரலாற்று மாணவன்.

தஞ்சையில் அவர் செய்தது இன்னும் சிறப்பு. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் சோழர் கல்வெட்டுகளை ஒரே படத்தில் எடுக்க வழியில்லை. ஆகவே நகர்ந்து நகர்ந்து 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். இங்கே இணைப்பு எதையும் புனையவில்லை. கல்லில் உள்ளதைக் கல்லில் உள்ளபடி தொடுத்தது. இணைத்தல் என்னும் ஒரே செயல் தஞ்சையில் ஒரு பயனையும், மேகத்தில் வேறு ஒரு பயனையும் தந்தது. 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், இந்தப் படமெடுக்கும் பணி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். கருவூலத்தில் எவ்வளவு மிச்சமாயிற்றோ தெரியாது. தமிழ்நாட்டின் படவரலாற்றில் நாம் இழந்தது பெரிது என்பது என் கருத்து.

பின்னர் வந்த புகைப்படக் கலைஞர்கள் இருட்டறையில் அச்சிடும்போதே சமன் செய்யக் கற்றனர். தாளின்மேல் ஒளி விழும்போது, கறுத்துவிடக் கூடிய பகுதியைக் கையாலோ அட்டைத் துண்டாலோ மறைப்பார்கள். வெளுத்த ஜன்னல் பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி தருவார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களிலும் இதில் கை தேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அசையும் படத்தில் இந்தக் கைவித்தை செல்லாது. விநாடிக்கு 24 படங்கள் ஓடும் பிலிமில் ஒவ்வொன்றையும் யார் கையால் மறைத்துக்கொண்டிருப்பது?

சினிமாத் துறையினர் ஆதலால் வேறு வழி தேடினர். ஜன்னலை அடக்க இயலாவிட்டால் அறையை உயர்த்துவது என்று கொண்டனர். கோயம்புத்தூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ போன்ற கூடங்களில் வீடே பலகையால் அமைத்தது. பெரிய விளக்குகள் அறையை வெயிலுக்கு நிகராக்கும். ஜன்னலுக்கு அப்பால் தெரியும் தோட்டம் திரைச்சீலையில் எழுதியதாக இருப்பதும் உண்டு. எழுதிய வெயில் அடங்கித்தானே இருக்கும்! 1956-இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் அபராஜிதோவுக்காகக் காசி நகரத்து வீட்டின் முற்றத்தைக் கல்கத்தாவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி இறங்கச் செய்தார். முற்றத்து ஒளியின் இயல்பை இந்தியத் திரையில் அத்துணை உண்மையாகக் காட்டியவர் அதற்கு முன் ஒருவரும் இலர் என்று துணிந்து கூறலாம்.

இரண்டு ஒளிப்பதிவுகளை ஒரே பிலிமில் சேர்க்கும் வித்தையும் நம் அருகிலேயே நடந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட உத்தம புத்திரன் படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். தமிழ்த் திரையில் இரட்டை வேடம் அதுவே முதன்முறை. ஒரே நடிகர் இருவராக எதிரெதிரே தோன்றும் காட்சிகளுக்கு அக்காலத்தார் கையாண்ட முறை வருமாறு: காமிராவை அசையாமல் நிறுத்தி, வில்லையின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து நடிகரை ஒரு பக்கம் நடிக்க வைப்பது, பின்பு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைத்து, அவரையே மறு பக்கத்தில் நடிக்க வைப்பது. இரு பாதிகளும் தொடும் கோட்டில் ஒரு தூணோ கதவுநிலையோ இருந்துவிட்டால் பார்ப்போர்க்கு ஒன்றும் தெரியாது. லெ கிரே கடலும் வானும் கூடும் இடத்தில் கண்ட கோடும் இதுவே. இன்றைக்கு வீடியோ தொகுக்கும் இளைஞன் ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கணினியில் வரையும் கோடும் இதுவே.

விஞ்ஞானிகள் வேறொரு பக்கத்திலிருந்து இச்சிக்கலுக்கு வந்து சேர்ந்தனர். 1950களில் பசிபிக் தீவுகளில் அணுகுண்டுச் சோதனைகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தபோது, சார்லஸ் விக்காப் என்னும் அமெரிக்கர் மூன்று பூச்சுகள் கொண்ட பிலிமை ஆக்கினார். ஒன்று மங்கலுக்கும், ஒன்று நடுத்தர ஒளிக்கும், ஒன்று கண்கூசும் ஒளிக்குமாகப் பங்கிட்டுக்கொண்டன. அழிவைப் படம் பிடிக்கத்தான் அத்தனை அறிவும் செலவாயிற்று என்பது வருந்தத்தக்கதே.

பின்னர் 1997-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் பால் டெபெவெக் என்பவரும், இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜிதேந்திர மாலிக் என்னும் பேராசிரியரும் சேர்ந்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். ஏற்கெனவே 1995-இல் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிக்கார்ட் ஆகியோர் இத்திசையில் எழுதியிருந்தனர். டெபெவெக்கும் மாலிக்கும் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துத் தேவாலயத்தின் உட்புறம்! வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்கள். அவற்றுள் ஒன்றின் பின்னே நேராகக் கதிரவன். டால்பட்டின் சாளரம் திரும்பி வந்தது போலும்! காமிராவை அசையாது நிறுத்தி 16 படங்கள் எடுத்தனர். முதற்படத்துக்கு 30 விநாடி ஒளி. அடுத்ததற்கு அதில் பாதி. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்து இறுதிப் படத்துக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி. முதலுக்கும் முடிவுக்கும் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வேறுபாடு.

இந்தப் பதினாறையும் அவர்கள் பதினாறு சாட்சிகளாகக் கொண்டனர். மிக நீண்ட ஒளி பெற்ற சாட்சிக்கு இருண்ட மூலை நன்றாகத் தெரியும். ஆனால் சாளரத்தைக் கேட்டால் ‘எல்லாம் வெள்ளை’ என்று கூறும். மிகக் குறுகிய ஒளி பெற்ற சாட்சி சாளரத்தின் வண்ணத்தைச் சொல்லும். மூலையைக் கேட்டால் ‘எல்லாம் கறுப்பு’ என்று கூறும். எனவே ஒவ்வொரு புள்ளிக்கும், அளவாக ஒளி பெற்ற சாட்சிகளின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி; கூசிப்போனவர் சொல்லுக்கும் இருளில் நின்றவர் சொல்லுக்கும் மதிப்பு இல்லை. பல ஆவணங்களை ஒப்பிட்டு உண்மையைத் தேர்வதும் இவ்விதமே என்பதால், வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு இம்முறை மிகவும் பிடித்துப்போயிற்று. பிலிமின் இயல்பையும் அப்படங்களைக்கொண்டே கணித்து, தேவாலயத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வந்த ஒளி ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்பதை எண்ணாகவே எழுதிவிட்டனர்.

அவ்வளவு அகன்ற எண்களைக் காகிதமோ திரையோ அப்படியே காட்ட முடியாது. சுருக்கித்தான் காட்ட வேண்டும். சுருக்குவதில் பல முறைகளும் பல சண்டைகளும் எழுந்தன. 2007-இல் டாம் மெர்டன்ஸ், யான் கவுட்ஸ், பிராங்க் வான் ரீத் என்னும் மூவர், ஒளியை அளந்து எழுதும் அந்த இடைப்படியே வேண்டாம் என்றனர். ஒவ்வொரு படத்திலும் எப்பகுதி தெளிவாயும், நிறம் செறிந்தும், அளவான வெளிச்சத்துடனும் உள்ளதோ, அப்பகுதிக்கு அதிக நிறை கொடுத்து நேராகக் கலந்துவிடலாம் என்றனர். வெறுமனே வெட்டி ஒட்டினால் தையல் தெரியும். அதனைத் தவிர்க்க, பீட்டர் பர்ட், எட்வர்ட் அடெல்சன் என்ற இருவர் 1983-இல் கண்ட வழி உதவிற்று. அவர்கள் பாதி ஆப்பிளையும் பாதி ஆரஞ்சையும் ஒட்டி ஒரே பழமாகக் காட்டியவர்கள். படத்தைப் பெரிய ஒளிமாற்றங்கள், நடுத்தர உருவங்கள், நுண்ணிய கோடுகள் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, பெரியவற்றை அகலமாகப் படர விட்டும், நுண்ணியவற்றை இடம் மாறாமல் நெருக்கியும் இணைத்தால் தையல் மறைந்துவிடும். 2010 முதல் நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிகளும் இக்கலவையைத் தாமே செய்யத் தொடங்கிவிட்டன. நாம் ஒருமுறை பொத்தானை அழுத்துகையில் அது பலமுறை எடுத்துக் கலந்து தருகிறது.

அசையும் படத்தில் மட்டும் சிக்கல் எளிதில் விடவில்லை. தேவாலயம் அசையாது, பனியன் கம்பெனி அசையாமல் நிற்குமா? 2003-இல் சிங் பிங் காங்கும் அவர் தோழர்களும், ஒரு படம் நீண்ட ஒளியிலும் அடுத்த படம் குறுகிய ஒளியிலுமாக மாற்றி மாற்றிப் பதிந்து, இடையில் நகர்ந்ததைக் கணினியால் பின்தொடர்ந்து சேர்க்கும் முறையை வெளியிட்டனர். பின்தொடர்தல் தவறினால் ஒரு கைக்கு இரு நிழல் முளைக்கும். இதனைப் பேய்த்தோற்றம் என்றே அத்துறையார் அழைக்கின்றனர்.

வீரபாண்டியில் என்னோடு இப்பணியில் இறங்கியிருக்கும் மாணவர்களிடம் பெரிய கருவிகள் இல்லை. ஒரு கைப்பேசியும் முக்காலியுமே உள்ளன. அதற்கு ஏற்ற முறையையே நான் சொல்கிறேன். முக்காலியை ஊன்றிய பின் யாரும் அதைத் தொடக் கூடாது. முதலில் ஜன்னலுக்கு அளவான ஒளியில் சில நிமிடம் பதிவு. உடனே அறைக்கு அளவான ஒளியில் பதிவு. குவியத்தையும் நிறச் சமனையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கைப்பேசி தன் விருப்பம்போல் மாற்றிவிடும். ஒளியைக் குறைக்கப் பதிவு நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடிக்குக் கொண்டுபோகலாமா என்றால், தேவாலயத்தில் சரி, இங்கே கூடாது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுவது. குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. பதிவு நேரம் மிகக் குறுகினால் படத்தில் வரி வரியாகக் கருமை ஓடும். ஐம்பதில் ஒரு விநாடியிலேயே நிறுத்தி, சாம்பல் நிறக் கண்ணாடியை வில்லைக்கு முன் வைத்து ஒளியைக் குறைப்பதே நலம். வில்லையின் துளையைச் சுருக்கிக் குறைக்கலாம் எனின், தெளிவாகத் தெரியும் தொலைவு மாறி இரு பதிவுகளின் ஓரங்கள் பொருந்தா. பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் சட்டத்தை ஒட்டிக் கோடு வரைந்து, ஓரத்தைச் சற்றே மென்மையாக்க வேண்டும்.

ஜன்னலுக்கு முன்னே ஒருவர் அமர்ந்து தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடு அவர் தலைக்குக் குறுக்கே போகும். அவர் குனியும்போதெல்லாம் உச்சி மறைந்து மறைந்து தோன்றும். என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள், வெளுத்துப் போகட்டும், முகம் இருக்கட்டும் என்றேன். வெளியே உள்ள வேப்பமரத்தை நாளை தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி முன்பு விட்ட கேள்விக்கு வருகிறேன். இவ்வாறு கலந்த படம் உண்மையா? எந்த ஒரு நொடியிலும் காமிரா அதனை அப்படிக் காணவில்லை என்பது மெய். ஆனால் அந்த அறையில் நின்ற மனிதக் கண் கண்டதற்கு, ஒரே ஒளியில் எடுத்த படத்தைவிட இதுவே நெருங்கியது என்பதும் மெய். கலவை என்பதற்காகப் பொய் என்று தள்ளுவோர், தஞ்சைக் கல்வெட்டுச் சுருளையும் தள்ள வேண்டியிருக்கும். வேறு நாளின் வானத்தையோ வேறு கட்டடத்தின் ஜன்னலையோ கொண்டுவந்து ஒட்டினால், அது டிரைப்பின் மேகம். அதே இடம், அதே ஜன்னல், அடுத்தடுத்த நேரம் எனின் அதனைச் சான்றாகக் கொள்ளத் தடையில்லை. எப்படிச் செய்தோம் என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஆகையால் எங்கள் தொகுப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சீட்டு உண்டு. கட்டடம் எது, இயந்திரம் எது, யார் அனுமதி தந்தார், யார் யார் இருக்கிறார்கள் என்பவற்றோடு, ஜன்னல் எத்தனை மணிக்கு எடுத்தது, அறை எத்தனை மணிக்கு எடுத்தது என்று இரண்டு நேரமும் அதில் எழுதப்படும். சென்ற மாதம் ஒரு பதிவில் சுவர்க் கடிகாரம் 11.20 காட்டியது, ஜன்னலுக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் இடைவேளை 11 மணிக்கே முடிந்துவிடும். சீட்டை எடுத்துப் பார்த்தோம்: ஜன்னல் 10.55, அறை 11.20 என்று எழுதியிருந்தது.